பிழை தேடிய காலை

அடைமழை. வண்ணார்பேட்டையிலுள்ள எங்கள் சின்ன அலுவலகத்துக்கு நானும் முதலாளி அண்ணாச்சியும் மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தோம். தாமிரபரணிக் கரையில் நட்ட கம்பங்களில் உள்ள கருவிகள், நீர்மட்டத்தை எங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வருவது வெறும் எண் கூட்டம். அதைப் பிரித்து அர்த்தமாக்க ஒரு நிரல் வேண்டும். அதை நான் கையால் எழுதவில்லை. கருவிக்குள் இருக்கும் சி மொழி நிரலைப் படித்து, பிரிக்கும் நிரலைத் தானே எழுதித் தரும் டூல் ஒன்றைச் செய்திருந்தேன். டூல் எழுதியதை யாரும் வாசித்ததில்லை, நான் உட்பட.

ஏரல் கம்பத்தின் எண் திடீரென்று எகிறியது. ஆற்றில் இதற்கு மேலே இருக்கும் அம்பாசமுத்திரம் கம்பமோ காலையிலேயே வாயை மூடிவிட்டது. ஒத்துப் பார்க்க வழியில்லை.

"ஏ பிள்ள, இது உன் டூல் பண்ணுத கோளாறு. இவ்வளவு தண்ணி எங்கன இருந்து வரும்? பைய பாரு" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் ஏரலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அத்தான் துபாயில். வீட்டில் அவளும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாரும்தான்.

"ஏட்டி, தண்ணி வருதுங்காவ, வரலைங்காவ. மாமாவ அசைச்சாலே மூச்சு முட்டுது. மாடிக்குத் தூக்கவா, வேண்டாமா? நீ ஒண்ணு சொல்லு."

"இரு அக்கா, டூல்ல தப்பு இருக்கும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஒரு எண்ணின் இரண்டு பாதிகளான பைட்டுகளை முன்பின்னாக மாற்றிச் சேர்த்தால் சின்ன எண் பூதமாகிவிடும். அதுவாகத்தான் இருக்கும். முருகா, அதுவாகவே இருக்கட்டும்! சி நிரலை ஒரு பக்கமும் டூல் எழுதியதை மறுபக்கமும் திறந்து வரிவரியாகப் படித்தேன். வரிசை சரி. அளவு சரி. இன்னொரு தரம் படித்தேன். எப்போதும் நூறு ஓட்டை வைக்கிற பாவி நான், இதில் ஒன்றுகூட வைக்கவில்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் நிஜம். இவ்வளவு நேரம் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேனே! உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பே இல்லக்கா. தூக்கு."

"வாசப்படி நனைஞ்சிட்டுட்டி" என்றாள். பக்கத்து வீட்டு ஆட்களிடம் என்னவோ கத்தியது கேட்டது. லைன் அறுந்தது.

அன்று முழுக்க அவள் எண் கிடைக்கவே இல்லை. ஏரல் கம்பமும் நின்றுபோயிற்று. அண்ணாச்சி டீ வாங்கி வைத்தார், ஆடை படிந்து கிடந்தது. மாமாவைப் பாதிப் படியில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதாகவே கண்ணில் தெரிந்தது. நினைக்காதே என்று மனசிடம் சொன்னாலும் அது கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்கவே பயந்தேன்.

"ஏட்டி, நான்தான். மாமா இருக்காவ. கட்டில்தான் போயிட்டு."

"அக்கா, நான் தேடுன நேரத்துல…"

"நீ கூப்பிட்டப்போ நாங்க பாதி தூக்கியாச்சுட்டி. உன்ன நம்பியா இருப்பேன்?"

திட்டுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.