ஜனாஸா அறிவித்தலில் இர்பான் வைத்த கட்டம்

இர்பானின் தம்பி போனில் கோல் எடுத்து, "காக்கா மௌத்தாகிட்டார்" என்றான். நெஞ்சுவலி என்று இர்பானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். தம்பி சொன்னான். ஆறுதலாக ஒரு சொல் சொல்லாமல் நேரம் கேட்கிறவனைப் பற்றி என்ன நினைத்தானோ. இர்பானை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது அவனுடைய கேள்வி.

இலங்கையின் சாய்ந்தமருதில் இர்பானும் நானும் நடத்திய செய்தித்தளத்தில் ஊர் முதலில் பார்ப்பது 'இன்றைய ஜனாஸா' என்ற மரண அறிவித்தல் பகுதியைத்தான். ஒவ்வோர் அறிவித்தலும் ஒரு கோப்பு. கோப்பின் நேரத்தை பிஎச்பி நிரலில் எடுத்து, இன்றையதை மேலே காட்டும்படி இர்பான் எழுதியிருந்தான். அவன் எடுத்தது filectime என்ற கட்டளை. கோப்பு உருவான நேரத்தை அது தரும் என்று நம்பினான். எங்கள் சேர்வர் ஓடிய லினக்ஸில் தராது, கோப்பின் விபரம் கடைசியாக மாறிய நேரத்தைத்தான் தரும். தளத்தை வேறு சேர்வருக்கு மாற்றிய அன்று, பழைய மௌத்துகள் எல்லாம் இன்றைய மௌத்துகளாகிவிட்டன.

மருதமுனையிலிருந்து ஒரு வீட்டார் அழைத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒலுவில் ஊரிலிருந்து உறவினர்கள் ஓர் ஆட்டோ நிறைய, அழுதுகொண்டே இறங்கினார்கள். அந்த வீட்டு உம்மா போன வருடமே அடக்கப்பட்டவர். மகள் வாசலில் நின்றார்.

"உம்மாவ ரெண்டாந்தரமும் மௌத்தாக்கிட்டீங்களே, தம்பி."

சேர்வர் மாறிய கதையை நான் விளக்கத் தொடங்கினேன். இர்பான் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "பிழை என்ட, ராத்தா" என்றான் மகளிடம். பிழை தன்னுடையது என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

திரும்பி வந்ததும், filectime-க்குப் பதில் filemtime போட்டால் போதும், ஒரு வரி வேலை என்றேன். கோப்பின் உள்ளடக்கம் மாறிய நேரத்தை அது தரும். அவன் கேட்கவில்லை. மௌத்தான நேரத்தைக் கையால் நிரப்ப அறிவித்தல் படிவத்தில் ஒரு கட்டம் வைத்தான். அதை நிரப்பாமல் அறிவித்தல் தளத்தில் ஏறாது.

"ஃபைலுக்குத் தன்னத் தொட்ட நேரம்தான் தெரியும் மச்சான். மௌத்தான நேரம் வீட்டாக்களுக்குத்தான் தெரியும்."

அழுகிற வீட்டுக்கு கோல் எடுத்து மணி கேட்கச் சொல்கிறாயா என்று சண்டை பிடித்தேன்.

"ஓம். கேக்க வெக்கமெண்டா அறிவித்தலே போடாத."

அவனுடைய அறிவித்தலையும் நான்தான் போட்டேன். தம்பி கோலில் சொன்ன நேரத்தைக் கட்டத்தில் நிரப்பினேன். அடக்கம் முடிந்து வந்து பார்த்தால், இர்பானின் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்திச் சேமித்தேன். கோப்பின் நேரம் அந்த நிமிடத்துக்குத் தாவியது. நான் சொன்ன filemtime வரி அங்கே இருந்திருந்தால், மண்ணுக்குள் வைத்த பிறகு இர்பான் மௌத்தானான் என்று ஊருக்கே காட்டியிருக்கும். கட்டத்தில் தம்பி சொன்ன நேரம் அசையவில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டம். அழுகிற வீட்டுக்கு அழைக்க இன்னும் கை கூசுகிறது. அழைத்து நேரம் கேட்கிறேன்.