மூக்கு போய்ப் பார்த்த ஆஸ்பத்திரி

காரின் கதவைத் திறந்ததும் உள்ளே ஏறி உட்கார மாட்டார். முதலில் தலை மட்டும் போகும். பின் சீட்டுக்கு அடியில் விரித்திருக்கும் கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பி, அதில் முகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். அடுத்து, சீட் பெல்ட்டை அது வருகிற வரைக்கும் வெளியே இழுத்து, கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்ப்பார். "குளிச்ச வண்டி" என்று அவர் முணுமுணுத்தால், வண்டி வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது என்று அர்த்தம். வாங்க வந்தவர் அத்தோடு நடையைக் கட்டிவிடலாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் துணைக்கு அழைத்துப் போகிற ஆள் அவர். தரகர்கள் வைத்த பெயர் மூக்கு. முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிற மூக்குதான், பெயரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எதிரிலேயே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்கிறார்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணில் பட்ட குறையை விற்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பானெட்டைக் கழற்றி மாட்டியதைக் காட்டிக்கொடுக்கிற, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பை அப்போதே பார்த்திருப்பார். ஆனாலும் பச்சைப் பிள்ளை மாதிரி, "வண்டி எங்கயாவது இடிச்சிருக்கா?" என்று கேட்பார். கொஞ்ச நேரம் டயரைப் பற்றிப் பேசிவிட்டு, அதே கேள்வியைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவார். "நமக்குத் தெரிஞ்சதைக் காட்டிட்டா, அவன் அதுக்கேத்த மாதிரி கதை சொல்லுவான். ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னாதான் ஆளு யாருன்னு தெரியும்." வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டாயா என்று மனைவியிடம் இரண்டு தடவை, இரண்டு விதமாகக் கேட்பார். "நான் என்ன விக்கிற வண்டியா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போய்விட்டது.

அவள் பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறாள். நாளெல்லாம் நின்றபடி செய்கிற வேலை. தொடையில் ஒரு கட்டி, வலியும் இல்லாமல் கேட்பாரும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. சுடிதார் ஒரு காலில் மட்டும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி வழியாகத் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. அதிலும் வெகு சிலருக்கே வருகிற, தசையிலும் கொழுப்பிலும் முளைக்கிற வகை. சார்கோமா என்று பெயர். அன்றைக்கு மூக்கு பயந்துபோனார். எத்தனையோ வண்டிகளின் சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர், தன் வீட்டுப் பூட்டின் துவாரம் தெரியாமல் தடுமாறினார்.

அவளுடைய அண்ணன், துணிக்கடைக்காரர், சேதி கேட்டதும் கடையை மூடிவிட்டு வந்தார். வரும்போதே ஏற்பாடு முடிந்திருந்தது. "நமக்கு வேண்டிய சர்ஜன்தான் மாப்பிள்ளை. பேசிட்டேன். வியாழக்கிழமை கட்டிய எடுத்துடலாம்னு சொல்லிட்டாரு. வீட்டுலேர்ந்து நடந்தே போயிடலாம்."

மூக்கு போய்ப் பார்த்தார். நல்ல மனிதர் அந்த சர்ஜன், உட்கார வைத்துப் பேசினார். "இந்த மாதிரி கட்டி கடைசியா எப்ப சார் எடுத்தீங்க?" என்று மூக்கு கேட்டார். எல்லாக் கட்டியும் எடுப்பதுதான், கவலைப்படாதீர்கள் என்றார் சர்ஜன். கார் நிறுத்த இடம் இருக்கிறதா, கூட ஒருவர் தங்கலாமா என்று கொஞ்சம் சுற்றிவிட்டு, "இதே பேரு போட்ட கட்டி சார், இதே தொடையில?" என்று மறுபடி வந்தார். சர்ஜன் மேலே பார்த்து யோசித்தார். அந்த யோசனையே மூக்குக்குப் போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து நேரே லேபுக்குப் போனார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரம்மாவைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த அந்த அம்மா இவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"உண்மையச் சொல்லிடறேன்" என்றார் அவர். "இந்த வகைய நான் அதிகமாப் பார்த்ததில்லை. பேரு சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா இதையே வேலையா வச்சிருக்கிறவங்க, அந்தச் சதைய வச்ச இந்த ஸ்லைடைத் திரும்பப் பார்க்கணும். முதல்ல கத்தி வைக்கிறவங்க சரியா வைக்கணும். அங்க தப்பு நடந்துட்டா, அப்புறம் காலைக் காப்பாத்தறது கஷ்டமாயிடும்."

ரயிலில் ஒரு பகல் தூரத்தில் அப்படி ஒரு இடம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். ஸ்லைடு பார்க்கிறவர், ஸ்கேன் பார்க்கிறவர், கத்தி பிடிக்கிறவர், மருந்து கொடுக்கிறவர் எல்லாரும் வாரம் ஒருமுறை ஒரே அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசி முடிவெடுப்பார்களாம். தன் குறையைத் தானே முன்வந்து சொல்கிற ஆளைத் தொழிலில் மூக்கு அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பூகம்பம். "பக்கத்துலயே வச்சுக்கிட்டு எதுக்கு ஊரச் சுத்தறீங்க மாப்பிள்ளை?" என்று துணிக்கடைக்காரர் குதித்தார். "நாளைக் கடத்தினா ஆபத்து அவளுக்குத்தான். இது ஒண்ணும் காரு இல்ல."

"காருன்னா தப்பா வாங்கினாலும் வித்துடலாம் மச்சான்."

வியாழக்கிழமை வந்தது, போனது. மச்சான் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டி தன் பிடிவாதத்தால்தான் வளர்கிறதோ என்று மூக்குக்கும் தோன்றும். ஆனாலும் பிடித்த பிடியை அவர் விடவில்லை. அவள்தான் பெட்டியைக் கட்டினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இவர் பாத்துக் குடுத்த வண்டி எதுவும் நடுரோட்டுல நின்னதில்லை" என்று பார்லரில் சொல்லிவிட்டு லீவு போட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியின் கட்டடத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. காத்திருக்கிற கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து, "உங்களுக்கு எங்க? என்ன பேரு சொன்னாங்க?" என்று விசாரித்தார். லேபில் கேட்ட அந்தப் பெயரையே பலரும் சொன்னார்கள். ஒரே கம்பெனி வண்டியை மட்டும் பிரித்துப் போடுகிற ஷெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு பஸ் கண்டக்டர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். "வேற இடத்துல அவசரப்பட்டு வெட்டிக்கிட்டேங்க. அதைச் சரி பண்ணத்தான் இங்க நடையா நடக்கிறேன்." மூக்கு அந்தத் தழும்பை நெடுநேரம் பார்த்தார். மனைவியைப் பார்க்கவிடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். தாடி நரைத்த டாக்டர், அவளைப் படுக்க வைத்துத் தொடையைத் தொட்டுப் பார்த்தார். "முன்னாடி ஸ்கேன், பயாப்சி ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். நீங்களே பாருங்க" என்றார் மூக்கு, முகத்தில் எதையும் காட்டாமல்.

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். தொழில்புத்தி இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப முதல்லேர்ந்து எல்லாம் எடுக்கணும்" என்றார் டாக்டர். "ஊசி வழியா சதை எடுக்கணும், ஸ்லைடு தயாராகணும். எங்க கூட்டம் இன்னைக்கு மத்தியானம். இதுல சேர்க்க முடியாது. அடுத்த வாரம் பாக்கலாம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எல்லாம் இருக்கு டாக்டர். இவரு பையிலதான் இருக்கு. நீங்களாக் கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்குறாரு." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரல் தழைந்திருந்தது. "என்னங்க, அவரு நமக்கு எதையும் விக்க வரலை. இது என் காலு."

மூக்கின் காது இரண்டும் சிவந்துபோயின. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். அவர் கோபிக்கவில்லை. "தொட்டுப் பாத்துப் பேர் சொல்ற வித்தை எனக்குத் தெரியாதுங்க. அந்த ஸ்லைடு இல்லாம நான் குருடன்" என்றார்.

"காலு?" என்றார் மூக்கு.

"காப்பாத்த முடியும்னு தோணுது. ஆனா இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன். எல்லாரும் பாத்துப் பேசின பிறகு சாயங்காலம் சொல்றேன்."

மூக்கு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கவில்லை. பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஸ்லைடு டப்பா வந்தது. ஸ்கேன் படம், லேப் ரிப்போர்ட் வந்தன. அதோடு நிற்கவில்லை. அவளுடைய பழைய ரத்தப் பரிசோதனை, மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, எப்போதோ பிடுங்கிய பல்லின் எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் பரப்பினார். "போதுங்க, போதும்" என்று டாக்டர் ஸ்லைடு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூக்கு காதில் வாங்கவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பலமாகத் தட்டினார். ஒரு ஹேர்பின்னும் இருமல் மிட்டாயும் விழுந்தன. பிறகு பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.