நாலு மாதம் விடாமல் ஏற்றிய விளக்கு

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் அறை எடுத்திருந்தேன். மருதானையில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் ரயில், மாலையில் ரயில், இடையில் அடையாள அட்டையை நீட்டுவதற்கென்றே இரண்டு இடங்கள். யுத்தகாலம் என்றாலும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி, ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. வேறென்ன வேண்டும்?

வீட்டுக்கார அம்மாவை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பின்னேரம் ஆறு மணிக்கு சாமியறையில் விளக்கேற்ற வேண்டும். அது அன்ரியின் சட்டம். மாதவிலக்கு வந்தவர் சாமியறைக்குள் போகக்கூடாது, மற்றவர் ஏற்றவேண்டும். அதற்கு நீளமாக எதுவும் சொல்லத் தேவையில்லை. "இண்டைக்கு எனக்கு ஏலாது" என்றால் போதும், விளங்கிவிடும்.

அந்த வருடம் அன்ரிக்கு அடிக்கடி ஏலாமல் போனது. மாதத்தில் பாதி நாள் அவர் சாமியறை வாசலில் நின்று, எண்ணெய் போதுமா, திரி நேராக இருக்கிறதா என்று அங்கிருந்தே என்னை மேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரு நாளும் ஏலாமல் போகவில்லை. முதல் மாதம் வராதபோது, அலைச்சலால் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். இரண்டாவது மாதமும் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது. சோதனைக்காக ரயிலை நடுவழியில் மணிக்கணக்காக நிறுத்திவைக்கும் காலத்தில் வயிற்றுக்குத்தும் துணி மாற்றும் கவலையும் இல்லாத பெண்ணை விடக் கொடுத்துவைத்தவள் யார்? எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்று முட்டாள்தனமாக மகிழ்ந்தேன்.

வேறு சில விசயங்களும் நடந்தன. அவற்றை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. முகம் ஊதியது. சட்டைகள் இறுகின. வாரிய சீப்பில் கொத்தாக முடி வந்தது. எட்டு மணிக்கே நித்திரை கண்ணைக் கட்டியது. கொழும்பு வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. அந்த ஒழுங்கையில் சுவெற்றர் போட்டுக்கொண்டு பேக்கரியில் பாண் வாங்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலாவது மாதத்தில் அன்ரியின் போக்கு மாறியது. சாப்பிடும்போது என்னையே பார்ப்பார். "மாங்காய் ஏதும் தின்ன ஆசையாய் இருக்கோ பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டார். "உப்பும் தூளும் போட்டுத் தந்தால் ஆர் வேண்டாமெண்டுவினம் அன்ரி" என்று நான் பல்லை இளித்தேன். அவர் முகம் கறுத்துப்போனது. மாங்காய் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் பொலிஸ் படிவம் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் பெயர் இல்லாத வடக்குப் பெண் கொழும்பில் ஒரு நாள்கூட நிம்மதியாக நடக்க முடியாது. வேறு அறை தேடலாம் என்றால், பதிவில்லாதவளுக்கு யார் கதவு திறப்பார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டிய படிவம் புதன்கிழமை வரை மேசையில் வெறுமையாகவே கிடந்தது.

"அன்ரி, நிரப்பித் தாறன், கையெழுத்து மட்டும் வையுங்கோ" என்றேன்.

"உம்மட பேரைப் போடுறதோ எண்டுதான் யோசிக்கிறன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்? நான் என்ன செய்தனான்?"

அன்ரி குரலைத் தாழ்த்தினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "நாலு மாசமாய் ஒரு நாள் விடாமல் விளக்கேத்துறீர். நான் சின்னப்பிள்ளையே? உம்மட அம்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

விளங்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். மற்ற வீடுகளில் விளக்கேற்றாத பெண்ணைத்தான் ஏசுவார்கள். இங்கே ஏற்றியதற்கு விசாரணை!

"எனக்கு வரேல்லை அன்ரி! ஏனெண்டு எனக்கே தெரியாது. ஒருத்தரும் என்னைத் தொடவுமில்லை, நான் ஒருத்தரைப் பார்த்ததுமில்லை!" என்று கத்தினேன். கத்தி முடிய அழுகை வந்தது. அவமானத்தில் பாதி, பயத்தில் பாதி. வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், நாலு மாதம் வராமலிருப்பது பயப்படவேண்டிய விசயம் என்று எனக்கே உறைத்தது.

"வரேல்லையெண்டால் ஏன் சொல்லேல்லை?"

"வந்தால்தானே சொல்லுறது. வராததை எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாள் காலையில் அன்ரி குடையை எடுத்துக்கொண்டு, "வெளிக்கிடும்" என்றார்.

வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் இருந்த பெண் டொக்டர், தலையை முக்காடிட்டு மூடிய முஸ்லிம் அம்மா. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. அது முடிந்ததும், "பிள்ள கிள்ள ஒண்டுமில்ல" என்று அன்ரியைப் பார்த்தே சொன்னார். அன்ரி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். டொக்டர் என் கழுத்தைத் தடவி, குளிர், நித்திரை, முடி என்று ஒவ்வொன்றாகக் கேட்க, நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

"ஒங்கட கழுத்துல தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இரிக்கி மகள். அது சோம்பிப் போயிட்டு போல. ஒரு ஹோர்மோன் கொறஞ்சா மத்ததும் தடுமாறும், மாசம் வாரதும் நிண்டு போகும். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாப்போம். மருந்து இரிக்கி, பயப்பட வாணாம்."

வெளியே வர எழுந்தபோது அன்ரி எழவில்லை. கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டு, "டொக்டர், எனக்கு மாசத்தில ரெண்டு தரம் வருது. வந்தால் நிக்குதில்லை. வயசுக் கோளாறு எண்டு விட்டிட்டன்" என்றார்.

டொக்டர் அவருடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். "ரத்தமே இல்ல! ஒரே ஊட்டுல ஒராளுக்கு வரல்ல, ஒராளுக்கு நிக்கல்ல. ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இரிந்தீங்களா?"

நான்கு மாதம் நான் விடாமல் ஏற்றியதும் அவர் விடாமல் வாசலில் நின்றதும் அப்போதுதான் எனக்கு ஒரே கதையாகத் தெரிந்தது. அவர் என் நாட்களைக் கணக்குப் பார்த்தார். அவருடைய நாட்களை நான் பார்க்கவேயில்லை. என் கோபம் அரைவாசி அங்கேயே இறங்கிப்போனது.

அன்று மாலை படிவத்தில் என் பெயர் ஏறியது. உறவு என்ற இடத்தில், சகோதரியின் மகளைச் சொல்வதுபோல், அன்ரி 'பெறாமகள்' என்று எழுதச் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், சொல்லாமல்.

இரத்தப் பரிசோதனை டொக்டர் சொன்னதையே சொன்னது. எனக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறிய குளிசை. அதற்குப் பிறகு அரைமணி நேரம் தேத்தண்ணி இல்லை. அந்த அரைமணிதான் எனக்குப் பெரிய தண்டனை. அன்ரிக்கு ஸ்கான் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஹோர்மோன் ஏறி இறங்குவதால் வரும் உதிரப்பெருக்கு என்று சொல்லி, அதை அடக்க மருந்தும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தார்கள். குளிசைப் பெட்டிகள் இரண்டும் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒருவர் மறந்தால் மற்றவர் ஏசுவார். சுவெற்றர் பெட்டிக்குள் போனது.

மருந்து தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம், வேலையால் வந்து குளியலறைக்குள் போனவள், "அன்ரி! இண்டைக்கு எனக்கு ஏலாது!" என்று உள்ளேயிருந்தே கூவினேன். பரீட்சையில் பாஸான பெறுபேறு வந்தபோதுகூட நான் அப்படிக் கூவவில்லை.

அன்ரி குசினியில் அடுப்பை விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். "நல்லாய் வந்தீர். எனக்கும் இண்டைக்கு ஏலாது."

ஆறு மணியாகிவிட்டது. இருவரும் சாமியறை வாசலில் நின்றோம். உள்ளே இருட்டு. ஒரு நாள் விட்டால் என்ன என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அன்ரி தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஏத்தும்."

"ஏலாதெண்டு இப்பதானே சொன்னனான்."

"கேட்டனான். விளக்கேத்தின பிள்ளையில பிழை பிடிச்சனான் நான். அதை விட இது பெரிய பிழையே? போய் ஏத்தும் பிள்ளை."

நான் உள்ளே போனேன். இரண்டு குச்சி வீணாகி, மூன்றாவதில்தான் திரி பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். அன்ரியும் வாசலைத் தாண்டி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.