பெர்மெத்துக்குக் கட்டிவிட்ட முக்காடு

"சைராகுல் கொலைகாரியா? வாயக் கழுவுடி, உம்சுனாய்! அந்தப் பொண்ணு சாகவே இல்ல. வார்டுல தரை துடைச்சவ நான். ரொட்டிக் கடை வரிசையில நிக்கிற உனக்கு என்ன தெரியும்?"

உம்சுனாய்க்கு மட்டுமல்ல, நரின் ஊருக்கே சொல்கிறேன். சைராகுல் மனநல வார்டில் நர்ஸ். ஊசி போடும்போது ஆட்டுச் சந்தையில் நிற்பவளைப் போல நோயாளிகளிடம் பேரம் பேசுவாள்: "ஒரு ஊசிக்கு ரெண்டு சர்க்கரைக் கட்டி, சம்மதமா?"

பெர்மெத் என்ற இளம் மருமகளைக் கொண்டுவந்தார்கள். குழந்தை இறந்து பிறந்ததும் தன் உயிரை விடப் பார்த்தவள். அப்படிப்பட்டவர்களிடம் பெல்ட், தலையில் கட்டும் முக்காட்டுத் துணி எதையும் விட்டுவைக்கக் கூடாது. விதி தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வழக்கத்தில் எந்த மருமகள் மாமனார் முன்னால் வெறுந்தலையோடு வருவாள்? அவர் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான போர்சோக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்க, இவள் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். சாப்பாட்டையும் தள்ளிவிட்டாள்.

சைராகுல் டாக்டர் தலாய்பெக்கிடம் போனாள்.

"முக்காட்டக் குடுத்து ஏதாவது ஆயிட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"பட்டினியா கெடக்காளே, அதுக்கு யாரு டாக்டர் பதில் சொல்றது?"

நல்ல மனிதர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, முடியாது என்றார்.

மாமனார் மறுபடி வந்தபோது சைராகுல் தன் முக்காட்டையே அவிழ்த்துக் கட்டிவிட்டாள். பெர்மெத் வெளியே வந்து, குனிந்து வணங்கி, ஒரு போர்சோக் தின்றாள். கிழவர் அழுதார். அவர் போனதும் சைராகுல் கையை நீட்டினாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா. இதக் கட்டினாத்தான் மனுஷியா இருக்கேன். நீயும் என்னை நம்பலயா?"

சைராகுல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அடுத்த அறையில் யாரோ விழுந்து அலற, எழுந்து ஓடினாள். திரும்பி வந்து அவள் போட்ட கூச்சலில் நானும் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடினேன். பெர்மெத்தின் கழுத்திலிருந்து முக்காட்டை அவிழ்த்தோம். பெண் பிழைத்தாள். பிழைத்தாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

"தெரியாமக் குடுத்துட்டேன்னு சொல்லு, வேலை தப்பிக்கும்," என்றார் டாக்டர்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அன்றே பெர்மெத்தின் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். சைராகுல் சூப் ஊட்டப் போனாள்.

"அவுத்து விடுக்கா. அழுத்துது."

சைராகுல் முடிச்சில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. அவிழ்க்கவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஊட்டு சித்தி. எனக்கு இவளப் பார்த்தாலே பயமா இருக்கு."

வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தாள். வார்டுக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. காவல்காரன் சாவியோடு வரும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். திறந்தான். போய்விட்டாள்.