எலிக்கும் வலித்ததாம்

எனக்கு உடம்பு வலி ஆரம்பித்த பிறகு எங்கள் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய்ப் பஞ்சமே வந்ததில்லை. ஒவ்வொரு டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு தேங்காய் உடைப்பார். "எல்லாம் நார்மல். பிள்ளையார் காப்பாத்திட்டாரு." ஸ்கேன் நார்மல், ஒரு தேங்காய். தைராய்டு நார்மல், இன்னொரு தேங்காய். நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். போடுகிற விரலும் வலிக்கும். நல்ல சேதி வந்ததற்காக அழுதவள் முடிச்சூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிள்ளையாரைக் குறை சொல்லவில்லை. அவர் ரிப்போர்ட் படிக்கிறவர் இல்லை.

வலி என்றால் இன்ன இடம் என்று தொட்டுக் காட்ட முடியாது. புடவைத் தலைப்பு தோளில் கிடந்தாலே வலிக்கும் நாட்கள் உண்டு. வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. காட்ட எதுவும் இல்லாத வலியோடு ஒரு குடும்பத்தில் இருப்பதைவிடக் கால் உடைந்து கிடப்பது எவ்வளவோ மரியாதை. மாவுக்கட்டைப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தோடு ஆள் வரும். எனக்கு வந்ததெல்லாம் யோசனைதான்.

காரணம் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியை ஆளுக்கு ஆள் நடத்தினார்கள். கீழ்க்கட்டளைச் சித்தி வாயு என்றாள். எதிர்வீட்டு அக்கா கேன் தண்ணீர் என்றார். என் வீட்டுக்காரர் செல்போன் என்றார், தன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. அவருடைய அக்கா படப்பையில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஊரில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் நின்றதால் இருக்குமோ என்று நான் கேட்டதற்கு, அவர் ஆராய்ச்சியை ஒரே வரியில் முடித்தார்.

"வெள்ளத்துல ஊரே இடுப்பளவு தண்ணியில நின்னுச்சு. ஒனுக்கு மட்டும் இன்னாத்துக்குடி ஊறிப்போச்சு?"

அண்ணிக்கு இவ்வளவு அக்கறை வந்தது ஆடி மாதத்தால். எங்கள் குடும்பம் ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அம்மன் கோயிலுக்கு ஆடியில் கூழ் காய்ச்சும் முறை மட்டும் விற்காமல் மிஞ்சியிருக்கிறது. சனிக்கிழமை மதியம் கோயில் வாசலில் பெரிய அண்டா ஏற்றிக் கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி, ஆள் உயரத் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். வீட்டு மூத்த மருமகள்தான் துடுப்பைப் பிடிக்க வேண்டும். மூத்த மருமகள் நான். கல்யாணமானதிலிருந்து விரதமிருந்து, வேப்பிலை கட்டிக்கொண்டு, சந்தோஷமாகக் கிண்டியவள்தான். அந்த வருஷம் தோசைக் கரண்டியைத் திருப்பவே கை வரவில்லை.

"முடியலைன்னா பங்காளி வூட்டுக்காரன் வாங்கிக்குவான். நம்ம முறை போச்சு. அம்மன் வேலைன்னா மட்டும் கை வலிக்குதாமே இவளுக்கு" என்று அண்ணி என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

இதுதான் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது. வேலைக்குச் சோம்பேறி என்று சொன்னால் பொறுத்துக்கொள்வேன். தாய்க்குச் செய்ய வேண்டியதில் பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அவள் சன்னதியில் நிற்பது?

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வாத டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் முதன்முதலில் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். வியாதிக்குப் பெயரும் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா. என் வாயில் அது நுழைய ஒரு வாரம் ஆனது.

"வலி நெஜம்தாம்மா. வலியைக் கடத்துற நரம்பு, தண்டுவடம், மூளை எல்லாம் சேர்ந்து அதைப் பெருசாக்கிடுது. ஆடி மாசம் கோயில்ல ஸ்பீக்கர் வைக்கிறாங்கல்ல, பாட்டு என்னவோ சின்னப் பாட்டுதான், எவனோ சத்தத்தை ஏத்திவிட்டுட்டுப் போயிட்டான். அந்த மாதிரி."

எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது, ஆனால் ஒரே ஒரு வார்த்தை. அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டார். "மூளையிலதான் இருக்குதாம்க்கா."

வெள்ளிக்கிழமை அண்ணி பூவும் பழமுமாக வந்தார். முகத்தில் பாசம் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பாசத்தை நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது. கைப்பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் பக்கம் உடம்பில் எது சரியில்லையோ அதை வெள்ளித் தகட்டில் அச்சடித்து வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொள்வோம். கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால். நான் பிரித்துப் பார்த்தேன். தலை.

"ஒன் பேருல நேந்துக்கினேன். கவலப்படாத. தெளிஞ்சிடும்" என்றார்.

"எனக்கு உடம்புதான் அண்ணி வலிக்குது."

"அப்படித்தாம்மா தோணும்" என்று என் தலையைத் தடவினார். தடவிய இடமும் வலித்தது. அதைச் சொன்னால் தகடு பத்தாது, முழுத் தலையையே வார்த்துக் கொண்டுவருவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆடிக்கு முன்னால் இன்னொரு முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் ஒரு ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். இந்த வியாதிக்கு ரத்தத்திலேயே காரணம் இருக்குமா என்று பார்க்கிறார்களாம். "உங்களுக்குத் தனியா ரிப்போர்ட் எதுவும் வராது. மருந்து கிடைச்சிடும்னும் சொல்ல மாட்டேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் வராது என்றதும் எனக்கு நிம்மதி. ஒரு தேங்காய் மிச்சம்.

என் வீட்டுக்காரர்தான் கேட்டார். "வலிக்குக் காரணம் ரத்தத்துல எப்படிங்க இருக்கும்?"

"வெளிநாட்டுல பார்த்திருக்காங்க சார். இந்த வியாதி இருக்கிறவங்க ரத்தத்துலேர்ந்து, கிருமியோட சண்டை போடுற பொருளைப் பிரிச்சு எடுத்து எலிக்குப் போட்டாங்க. நல்லா இருந்த எலி, லேசா அழுத்தினாலே காலை இழுத்துக்கிச்சு. குளிர்கூடத் தாங்கல. வியாதி இல்லாதவங்களுடையதைப் போட்ட எலிக்கு ஒண்ணும் ஆகல. எல்லா நோயாளிக்கும் இதுதான் காரணமான்னு இன்னும் தெரியாது. பார்த்துக்கிட்டிருக்கோம்."

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். "எலிக்கு வலிச்சிதா?"

"ஆமா சார்."

"அது சும்மா பண்ணலையே?"

"எலி எதுக்கு சார் நடிக்கணும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் சொன்னபோது வராத பார்வை அது. எங்கேயோ ஒரு எலி காலை இழுத்துக்கொண்டதும் வந்துவிட்டது. வழியெல்லாம் வண்டியை மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். முடிச்சூர் ரோட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போன்.

"அக்கா, இந்த வருஷம் இவளால கிண்ட முடியாது. எலிக்கே வலிச்சிதாம்."

"எந்த எலிக்குடா?"

"வெளிநாட்டு எலி. இவள மாதிரி வியாதிக்காரங்க ரத்தத்த போட்டாங்களாம். தாங்கலையாம்."

"எலி வந்து ஒங்கிட்ட சொல்லிச்சா?"

"பிள்ளையார் வாகனம் பொய் சொல்லுமாக்கா?"

அண்ணி டாக்டரை எதிர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். பிள்ளையாருக்கு எதிராகப் பேசிப் பழக்கமில்லை. கடைசியில், "முறைய விடக்கூடாது. நானே வந்து கிண்டுறேன்" என்றார்.

வந்தார். சனிக்கிழமை மதியம் வேப்பிலை கட்டிக்கொண்டு துடுப்பைப் பிடித்தார். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். அதற்கும் வலித்தது. பாதி அண்டா வருவதற்குள் அண்ணியின் மூச்சு மாறியது. பங்காளி வீட்டார் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்தவில்லை. கூழ் கட்டி தட்டாமல் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் அம்மனுக்குப் படைத்து, ஊருக்கே ஊற்றி முடித்ததும், அந்த வெள்ளித் தலையை உண்டியலில் போட்டேன். நேர்ந்ததை வைத்திருக்கக் கூடாது. யார் தலைக்காகப் போடுகிறேன் என்பதை அம்மனிடம் மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி போன் செய்தார்.

"ரெண்டு கையும் தூக்க முடியலடி. ஜாக்கெட் போட முடியல. சீப்பு புடிக்க முடியல. ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி கீது."

"ரெண்டு நாள்ல போயிடும் அண்ணி."

அண்ணி குரலை இறக்கிக் கேட்டார். "ஒனுக்கு தெனமும் இப்படியேவா இருக்குது?"

வலி வந்த நாளாய் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சேர்த்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இருங்க அண்ணி, எலியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. "கேட்டது என் தப்பு" என்று முணுமுணுத்தார். அப்புறம், "சரி, நீயே சொல்லு" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னேன்.