கென்ஜி சாரின் இரண்டாவது லைசென்ஸ்

1. வெள்ளைக் கையுறை

டிரைவிங் ஸ்கூலில் என் வேலை பெண்களுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. டீச்சர்கள், நர்ஸ்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள் என்று வருவார்கள். ஆண்களை ஓனர் சேகரண்ணனே பார்த்துக்கொள்வார். அதனால் ஒரு நாள் காலையில் அவர் கூப்பிட்டுச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது.

"ஷகிலா, செங்கம் ரோட்ல ஒரு ஜப்பான்காரர் இருக்காரு. வயசானவர். லைசென்ஸ் வாங்கணுமாம். நீ எடுத்துக்கோ."

"ஆம்பளைக்கு நானாண்ணா?"

"பொறுமையான ஆளா அனுப்புங்கன்னு அவரு வீட்டம்மா போன்ல கேட்டாங்க. நம்மகிட்ட பொறுமைன்னா நீதான். நான் போனா முதல் நாளே சண்டை வந்துரும்."

"எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராதுண்ணா."

"இங்கிலீஷ் எதுக்கு? அந்தம்மா நம்மளவிட நல்லா தமிழ் பேசுது, போ."

ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் வீடு. கேட்டுக்கு வெளியே ஒல்லியாக ஒருவர் நேராக நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வெள்ளைக் கையுறை. நான் காரை நிறுத்தியதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பாதி குனிந்தேன். வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்தார். பக்கத்தில் வாக்கர் இருந்தது.

"வாம்மா ஷகிலா. டீ இப்ப குடிக்கிறியா, போய்ட்டு வந்து குடிக்கிறியா?"

அவர் பெயர் யூகோ. தெருவில் எல்லோருக்கும் யூகோம்மா. கணவர் கென்ஜி.

கென்ஜி சார் உடனே வண்டியில் ஏறவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் நின்று விரலை நீட்டி, "யோஷி" என்றார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்து மறுபடியும் "யோஷி" என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடிக்கு ஒன்று, ஹேண்ட் பிரேக்குக்கு ஒன்று, சீட் பெல்ட்டுக்கு ஒன்று. ஏதோ மந்திரம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வராந்தாவிலிருந்து யூகோம்மா சத்தம் போட்டார்.

"பயந்துக்காதம்மா! அவரு பஸ் டிரைவரு. பார்த்ததை கை நீட்டிக் காட்டி, வாய்விட்டு சொல்லணும், அது அவங்க கம்பெனியில பழக்கம். யோஷின்னா சரின்னு அர்த்தம். அவ்ளோதான்."

இரண்டு தெரு போவதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. கிளட்ச், கியர், ரிவர்ஸ் எதிலும் இவருக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் ஊரிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கியர் மாற்றினால் மாற்றியதே தெரியாது. பிரேக் போட்டால் டேஷ்போர்டில் இருந்த என் தண்ணீர் பாட்டில் அசையாது.

கஷ்டமெல்லாம் மெயின் ரோட்டில் ஏறும்போது ஆரம்பித்தது. கென்ஜி சார் சந்தின் வாயில் நின்று, ரோடு காலியாகட்டும் என்று காத்திருந்தார். செங்கம் ரோடு எப்போது காலியாக இருந்திருக்கிறது? பஸ் போனால் ஆட்டோ, ஆட்டோ போனால் பைக். பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கென்ஜி சார் கண்ணாடியில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலை குனிந்தார், ஆனால் நகரவில்லை.

இங்கே இடம் யாரும் கொடுக்க மாட்டார்கள், மெதுவாக மூக்கை விட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கைஜாடையில் அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

2. எதற்கு லைசென்ஸ்

தினமும் கிளாஸ் முடிந்ததும் யூகோம்மாவின் டீ உண்டு. அந்த டீ நேரத்தில்தான் அவர்கள் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

யூகோம்மா பல வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு ஒரு மாதம் தங்க வந்தவர். மலையைப் பார்த்தார், பிடித்துப்போனது. அடுத்த வருஷமும் வந்தார். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு இங்கேயே தங்கிவிட்டார். கென்ஜி சார் ஜப்பானில் ஒரு மலை ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு சாமி, ஆசிரமம் எதிலும் ஈடுபாடு கிடையாது. லீவு கிடைத்தால் வந்து மனைவியைப் பார்த்துவிட்டுப் போவார். ரிட்டயர் ஆனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார்.

வந்த கொஞ்ச நாளில் யூகோம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் தினமும் காலையில் கிரிவலம் போய்வந்த கால் அது. வராந்தாவோடு நின்றுபோனது. கென்ஜி சார் பழைய மாருதி ஒன்றை வாங்கினார். ஜப்பானில் எடுத்துவந்த இன்டர்நேஷனல் பெர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அது முடிந்திருந்தது. எனவே எல்.எல்.ஆரிலிருந்து ஆரம்பித்து நம் ஊர் லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும்.

"ஆட்டோ வெச்சுக்கிட்டு சுத்தி வரலாமேம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வரலாம். ஆட்டோவுக்கா பஞ்சம்?" என்றார் யூகோம்மா. கென்ஜி சார் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார். "இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து அவரு என் பின்னாலயே நடக்கிறாரு, ஷகிலா. பால் வாங்கினாலும் நான்தான் பேசணும், கரண்ட் பில்லுன்னாலும் நான்தான் பேசணும். ஊமை மாதிரி நிக்கிறாரு. எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருக்கு. அவருக்குத் தெரிஞ்சது வண்டி ஒண்ணுதான். அதையாவது இங்க அவரு சொந்தமா செய்யட்டும்."

அதற்குப் பிறகு அந்த கிளாஸை நான் சும்மா ஒரு கிளாஸாக நினைக்கவில்லை.

3. ஃபெயில்

எல்.எல்.ஆர். கம்ப்யூட்டர் டெஸ்ட்டில் சிக்னல் படங்களையெல்லாம் மனப்பாடம் செய்து சுலபமாகப் பாஸ் செய்தார். ரோடு டெஸ்ட் நாளும் வந்தது. எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. இவரே ஃபெயில் என்றால் ஊரில் யாரும் பாஸ் ஆக முடியாது என்று சேகரண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கென்ஜி சார் வழக்கம்போல ஆரம்பித்தார். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வலது பக்கம் முழுசாக நீட்டி, "யோஷி!" இடது கையை இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு முன்னால் நீட்டி, "யோஷி!" வண்டி ஓடும்போதும் விடவில்லை. ஒவ்வொரு சந்துக்கும், ஸ்பீட் பிரேக்கருக்கும், ஓரமாகப் போன பசுமாட்டுக்கும் கை நீண்டது.

இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "யாரும்மா யோஷி? யாரைக் கூப்பிடறாரு?"

"யாரையும் இல்ல சார். சரியான்னு பார்த்து சொல்றாரு. அவங்க நாட்டு பழக்கம்."

வண்டி நின்றதும் இன்ஸ்பெக்டர் இறங்கி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமில்லாமல்தான் பேசினார்.

"நல்லா ஓட்றாரும்மா, இல்லங்கல. ஆனா ஸ்டியரிங்ல கையே நிக்கலியே. கியர் போட எடுத்தா சரி. ரோட்டுல போற மாட்டைக் காட்ட எடுத்தா எப்படி? நம்ம ரோட்டுல திடீர்னு எவனாவது குறுக்க வந்தா ஒத்தக் கையில என்ன பண்ணுவாரு? இதுக்கு நான் பாஸ் போட முடியாது. அதை மட்டும் நிறுத்திட்டு மறுபடியும் கூட்டிக்கிட்டு வா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கென்ஜி சாரிடம் "ஃபெயில்" என்றேன். அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர் இருந்த பக்கம் பார்த்துக் குனிந்தார். கையுறையைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். திரும்பும்போது என்னையே ஓட்டச் சொல்லி ஜாடை காட்டிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகம்.

அடுத்த நாள் கிளாஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு யூகோம்மா போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

போனேன். கென்ஜி சார் மொட்டை மாடியில் இருந்தார். யூகோம்மாவின் முகம் வாடியிருந்தது.

"பஸ் ஓட்டின காலம் முழுக்க ஒரு கம்ப்ளெய்ண்ட் கிடையாது. இந்த வயசுல சின்ன காருக்கு ஃபெயிலான்னு இடிஞ்சு போயிட்டாரு. ஊருக்குத் திரும்பிப் போலாம்னு சொல்றாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் வரலன்னு சொல்லிட்டேன்." சட்டென்று சொன்னவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் ஆளுக்கொரு ஊர்ல இருந்தோம். அப்போ ஜாஸ்தி கஷ்டமா தெரியல. இப்ப அவரு போயிட்டா என்னால தாங்க முடியாது, ஷகிலா. ஆனா இந்த மலையை விட்டுட்டும் என்னால வர முடியாதே."

நான் டிரைவிங் கற்றுக்கொடுப்பவள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் என்ன சொல்ல முடியும்? மாடிப்படி ஏறிப் போய், "சார், கிளாஸ்" என்று கார் சாவியை நீட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை வலிக்க ஆரம்பித்தது. கடைசியில் வாங்கிக்கொண்டார்.

4. கைக்குட்டை

என் யோசனை சுலபமானது. ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் அவர் உள்ளங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை. கையைத் தூக்கினால் அது மடியில் விழும். முதல் நாள் கிரிவலப் பாதையில் ஓட்டினோம். ஒரு மயில் குறுக்கே போனது, விழுந்தது. ஒரு சாமியார் கையைக் காட்டினார், விழுந்தது. குரங்குகள் இருக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து விழுந்தன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கையைத் தூக்காமல் வாயால் மட்டும் சொல்லச் சொன்னோம். அது அவருக்கு வரவில்லை. விரல் போனால்தான் கண் போகும் என்று யூகோம்மாவிடம் சொன்னாராம். அப்புறம் ஒரு நாள் அவரே வழி கண்டுபிடித்தார். உள்ளங்கை ஸ்டியரிங்கை விடாமல், ஆள்காட்டி விரலை மட்டும் லேசாக நிமிர்த்தினார். கைக்குட்டை அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கை தட்டினேன்.

யோஷியை மாற்றச் சொன்னது யூகோம்மா. "இன்ஸ்பெக்டருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வலது சரி. இடது சரி. பின்னாடி சரி. மூன்று நாள் வீட்டில் அதே பேச்சுதான். பால்காரர் பாக்கெட்டை நீட்டியபோதும் கென்ஜி சார் விரலை நிமிர்த்தி "சரி" என்றாராம். பால்காரரும் "சரி சார்" என்றாராம். மனைவி பக்கத்தில் இல்லாமல் அவர் இந்த ஊரில் ஒருவரோடு பேசியது அதுதான் முதல் தடவை என்று யூகோம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

5. ரெண்டாவது டெஸ்ட்

அதே இன்ஸ்பெக்டர். "மறுபடியும் யோஷியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

"வலது சரி. இடது சரி. பின்னாடி சரி" என்றார் கென்ஜி சார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் நன்றாகவே போனது. ஒரு முனையில் மட்டும் வண்டி நின்றுவிட்டது. ரோடு காலி. ஒரு நாய்கூட இல்லை. கென்ஜி சார் எட்டி எட்டிப் பார்த்தார். எனக்குப் பின் சீட்டில் வியர்த்தது.

"போங்க சார், ஒண்ணுமே வரலியே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரி இல்ல" என்றார் கென்ஜி சார். அந்த 'இல்ல'வை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. ஒரு மதில் அந்தப் பக்கத்தை மறைத்தது. வண்டியைத் துளித்துளியாக முன்னால் விட்டு, மதிலைத் தாண்டிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. விரல் நிமிர்ந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுத் திருப்பினார்.

இன்ஸ்பெக்டர் இறங்கும்போது என்னிடம், "ஒண்ணுமே இல்லாத ரோட்டுக்கு இவ்ளோ நேரமாம்மா?" என்றார். பிறகு, "கையைத் தூக்கல. அது போதும். பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கென்ஜி சாருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

லைசென்ஸ் கார்டு தபாலில் வந்த மறுநாள் காலையில் என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை என்பதால் துணைக்கு. கென்ஜி சார் பயணிக்குத் திறப்பதுபோல் பின் கதவைத் திறந்தார். யூகோம்மா முன் சீட்டைக் காட்டி ஜப்பானியில் ஏதோ அதட்டினார். அவரை முன்னால் உட்காரவைத்து, வாக்கரை மடித்து டிக்கியில் வைத்தோம். நான் பின்னால் ஏறினேன்.

எல்லா சரியும் சொல்லி முடித்த பிறகு கென்ஜி சார் வேறு ஏதோ ராகம் போட்டுச் சொன்னார். யூகோம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"வண்டி புறப்படப் போகுது, எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கோங்கன்னு பஸ்ஸுல சொல்வாங்க. அதைச் சொல்றாரு." அவர் குரல் மாறியிருந்தது. "நான் அங்க இருந்தப்ப ரயில்ல வேலைக்குப் போவேன். இவரு ஓட்டின பஸ்ஸுல ஒரு தடவைகூட ஏறினதில்ல, ஷகிலா."

கிரிவலப் பாதை வளைவில் யூகோம்மா நிறுத்தச் சொன்னார். மேகம் ஏதுமில்லாமல் மலை முழுசாகத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினார். கென்ஜி சார் மலையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, ஸ்கூல் வண்டியில் என் காலடியில் இருக்கும் பிரேக்கை, இங்கே இல்லாதபோதும், வலது காலால் அழுத்திக்கொண்டிருந்தேன். வண்டி நின்றுதான் இருந்தது. ஆனாலும் நான் காலை எடுக்கவில்லை.

எனக்கே அது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

"யூகோம்மா, அந்த டீக்கடையில நான் எறங்கிக்கிறேன்."

"ஏம்மா? சுத்தி முடிச்சிட்டு வீட்ல விட்டுட்டுதான் போவாரு."

"இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

கென்ஜி சார் இறங்கிவந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, முதல் நாளைப்போலவே குனிந்தார். இந்தத் தடவை நானும் முழுசாகக் குனிந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு கிளட்ச், கியர் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்து சீட்டில் நாம் உட்கார்ந்திருக்கும்வரை அது ஸ்கூல் வண்டி. நாம் இறங்கின பிறகுதான் அது அவர்களுடைய வண்டி. அதனால் இறங்கத் தெரிய வேண்டும். நான் அன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பழைய மாருதி புளியமரங்களுக்கு நடுவே சின்னதாகிப் போவதைப் பார்த்தேன். டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரரிடம் இன்னொன்று போடச் சொன்னேன்.