விதைப்பயறும் வேப்பெண்ணெயும்

அப்போது நாங்கள் ஆரம்பாக்கத்தில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு இரும்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை. எனக்குக் கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. அரை ஏக்கர் நிலமும் இருந்தது. சம்பா அறுக்க ஒரு வாரம் இருக்கும்போதே ஈர வயலில் பச்சைப்பயறு தெளித்துவிடுவோம்.

ஒரு தை மாதம் தெளிக்க முடியாமல் போனது. விதைக்கென்று கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்தால் வண்டுகள் என் புடவைமேல் ஏறின. எந்தப் பயறை எடுத்தாலும் ஓட்டை.

"வுடு மே. நெலம் சும்மா கெடக்கட்டும்," என்றார் அவர்.

அக்கம்பக்கத்தில் கம்பெனிகளுக்கு நிலம் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வருஷம் சும்மா கிடந்தால் மறு வருஷம் அவரும் விற்கப் பேசுவார் என்று எனக்குப் பயம்.

கம்பெனியில் என்னோடு வேலை செய்த அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் தாய்வீடு. சித்திரையில் ஊருக்குப் போனவர் ஆறு கிலோ பயறும் ஒரு பாட்டில் வேப்பெண்ணெயும் கொண்டுவந்தார்.

"நல்லா காயவெச்சிட்டு கிலோவுக்கு ஒரு ஸ்பூன் ஊத்தி கையால தேய். எல்லா பயறும் மினுக்கணும். வண்டு முட்ட வெச்சாலும் பொரியாது. அப்பால டின்ன மூடிட்டு உன் வேலயப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை சாக்கில் பரப்பித் தேய்த்தேன். மறுநாள் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனாள். அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டதுதான் என்னை ஆட்டிவைத்தது.

"எண்ணெய் பூசிட்டியே, வெத எப்டி மூச்சு வுடும்? மொளைக்குமா அது?"

கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, காலையில் சாப்பாட்டுப் பையிலேயே வேலைக்குக் கொண்டுபோனேன். மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போதெல்லாம் நினைப்பு பைமேலேயே இருந்தது. மறுநாள் பிரித்தபோது வெள்ளையாக வால் விட்டிருந்தது. அக்காவிடம் காட்டினேன். சிரித்தார்.

அந்த நிம்மதி வீடு வரைக்கும்கூட வரவில்லை. இன்றைக்கு முளைத்தது சரி, தை வருவதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால்? அடுத்த வாரம் இன்னொரு கைப்பிடி எடுத்தேன். அதுவும் முளைத்தது. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை ஆயிற்று. நடுவில் வண்டுக் கவலை வேறு. முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு பயறில் வெள்ளைப் புள்ளி. முட்டைதான் என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன், தவிடு. முளைத்ததையெல்லாம் கோழிகள் தின்றன.

"இன்னாத்துக்கு அத தொறந்துகினே கீற?" என்று வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். 'முளைக்குமா' என்று கேட்டது அவருக்கு நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

தை பிறந்தது. தெளிக்க எடுத்தபோது டின் லேசாக இருந்தது. அவர் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தார். நாலு கிலோகூட இல்லை. கொட்டிப் பார்த்தார். ஓர் ஓட்டைகூட இல்லை.

"வண்டு வரல. மீதி எங்க பூடுச்சு?"

கோழிகளைக் காட்டினேன். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொட்டிய பயறைத் திரும்ப டின்னில் அள்ளிப் போட்டவர், "மொளைச்சுதா, எல்லா வாட்டியும்?" என்றார்.

"எல்லா வாட்டியும்."

"அப்ப வா."

இருவருமாகத் தெளித்தோம். கீழ்க்கோடியில் கொஞ்சம் இடம் வெறுமையாக நின்றது. மற்ற இடமெல்லாம் நெல்தாளுக்கு நடுவே பச்சை கட்டியது. அந்த வருஷம் அவர் நிலம் விற்கும் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்தார், அது வேறு கதை.

பங்குனிக் கடைசியில் பறித்துக் காயவைத்த பயறில் ஆறு கிலோவுக்கு எண்ணெய் தேய்த்தேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. டின்னை அக்காவின் வாடகை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுநாளே பேக்கிங் மேசையில் கேட்டேன், வண்டு ஏதும் தெரிகிறதா என்று.

"நான் தொறக்க மாட்டேன். நீயும் கேக்காத," என்றார் அக்கா.

இரண்டு நாள் கேட்காமல் இருந்தேன்.